நிழலைப் பார்த்தால் போதாது, நிறுத்தும் பார்க்க வேண்டும்

கால்பந்து அளவில் மூன்று உருண்டைகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒன்று காற்றடைத்த பந்து. இன்னொன்று தர்பூசணிப் பழம். மூன்றாவது இரும்புக் குண்டு. மூன்றையும் ஒரு வெள்ளைத் திரைக்குப் பின்னால் வைத்து விளக்கைப் போட்டால், திரையில் விழுவது ஒரே அளவு வட்ட நிழல்தான். எது பந்து, எது இரும்பு என்பதை நிழல் சொல்லாது. கையில் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பிற விண்மீன்களைச் சுற்றும் பொருள்களை ஆராயும் வானியலாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. வியாழனைப் போன்ற ஒரு பெருங்கோள், ஒரு பழுப்புக் குறுமீன், மிகச் சிறிய ஒரு சிவப்பு விண்மீன் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க முடியும். ஆனால் நிறையோ பத்து மடங்கு, ஐம்பது மடங்கு, எண்பது மடங்கு என வேறுபடும். நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஒன்றைத் தூக்கிப் பார்ப்பது எப்படி? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. படிவம் 5 இயற்பியல் தெரிந்த எவருக்கும் அந்த வழி புரியும்.

கோளும் அல்ல, விண்மீனும் அல்ல

வாயு மேகம் ஒன்று தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும்போது அதன் மையம் சூடேறுகிறது. போதிய நிறை இருந்தால் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கரு இணைவு தொடங்கி, ஒரு விண்மீன் பிறக்கிறது. அதற்கு வியாழனைப் போல் சுமார் 75 முதல் 80 மடங்கு நிறை வேண்டும். நமது சூரியன் வியாழனைப் போல் ஏறக்குறைய 1,047 மடங்கு நிறையுள்ளது.

நிறை அதற்குக் குறைந்தால் ஹைட்ரஜன் நிலையாக எரியாது. ஆனால் வியாழனைப் போல் 13 மடங்குக்கு மேல் இருந்தால், ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டிரியம் சிறிது காலம் இணைவுக்கு உள்ளாகும். அது தீர்ந்ததும் அந்தப் பொருள் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டே போகும். இப்படி 13 மடங்குக்கும் 80 மடங்குக்கும் இடைப்பட்டவற்றையே பழுப்புக் குறுமீன்கள் என்கிறோம். மலாயில் இதைக் 'கெர்டில் பெராங்' என்பார்கள். பெயரில் பழுப்பு இருந்தாலும் இவை அப்படியொன்றும் பழுப்பு நிறமானவை அல்ல. இவற்றின் ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது.

இப்படியும் பொருள்கள் இருக்க வேண்டும் என்று 1960-களின் தொடக்கத்திலேயே கணக்கிட்டுச் சொன்னவர்களில் ஒருவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிவ் குமார். ஒரு வாயு உருண்டை விண்மீனாக எரிவதற்குக் குறைந்தது எவ்வளவு நிறை வேண்டும் என்பதை 1963-இல் வெளியான அவருடைய ஆய்வு கணித்தது. 'பழுப்புக் குறுமீன்' என்ற பெயரை 1975-இல் சூட்டியவர் ஜில் டார்ட்டர். ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத பழுப்புக் குறுமீன்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது 1995-இல்தான். அவற்றுள் ஒன்றான கிளீஸ் 229பி-யைக் கண்ட குழுவில், இந்தியாவில் வளர்ந்து பயின்ற ஸ்ரீநிவாஸ் குல்கர்னியும் இருந்தார். கணக்கு முதலில் வந்தது. கண்ணுக்குத் தெரிய முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

ஏன் எல்லாம் ஒரே அளவு?

என் மாணவர்கள் இதை எளிதில் நம்ப மாட்டார்கள். நிறை ஐம்பது மடங்கு கூடினால் பொருளும் பெரிதாக வேண்டாமா என்று கேட்பார்கள். ஒரு தலையணை உறைக்குள் பஞ்சை அடைப்பதை நினைத்துப் பாருங்கள். முதல் சில கைப்பிடியில் தலையணை உப்பும். உறை நிறைந்த பிறகும் அடைத்துக்கொண்டே போனால் தலையணை பெரிதாகாது, இறுகும். விண்வெளியில் உறை கிடையாது, ஈர்ப்புதான் உறை. வியாழன் அளவை எட்டிய பிறகு, சேரும் ஒவ்வொரு கிலோ வாயுவும் ஈர்ப்பைக் கூட்டி, உள்ளிருக்கும் வாயுவை இன்னும் நெருக்குகிறது. அதனால் ஆரம் கிட்டத்தட்ட அப்படியே நிற்க, அடர்த்தி மட்டும் ஏறுகிறது.

2017-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அறிவித்த ஒரு குட்டி விண்மீன் இதற்கு நல்ல சான்று. அதன் நிறை வியாழனைப் போல் சுமார் 85 மடங்கு. அது முறையாக ஹைட்ரஜன் எரிக்கும் விண்மீன். ஆனால் அளவிலோ வியாழனைவிடச் சிறியது. சனிக்கோளைவிடச் சற்றே பெரியது.

ஜொகூர் கண்ட ஒரு கடப்பு

தொலைவில் உள்ள ஒன்றின் அளவை எப்படி அறிகிறார்கள்? இந்தப் பகுதியை ஜொகூர் மக்களுக்கு விளக்குவது எளிது. 2019 டிசம்பர் 26-ஆம் தேதி நண்பகல் கடந்த வேளையில், தஞ்சோங் பியாய் உட்பட ஜொகூரின் தென்பகுதியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. நிலவு சூரியனை முழுதாக மூடவில்லை; விளிம்பில் ஒரு பொன் வளையம் மிஞ்சியது. அன்று நிலவின் தோற்ற விட்டம் சூரியனின் தோற்ற விட்டத்தில் 97 விழுக்காடு. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். 0.97-ஐ 0.97-ஆல் பெருக்கினால் 0.94. ஆகவே சூரிய வட்டத்தில் சுமார் 94 விழுக்காடு மறைந்தது.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால், எவ்வளவு ஒளி குறைந்தது என்பதைக் கொண்டு மறைத்த பொருளின் அளவைச் சொல்லிவிடலாம். வேறொரு விண்மீனை ஒரு பொருள் சுற்றும்போது, அதன் பாதை நம் பார்வைக் கோட்டில் அமைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது விண்மீனின் முகத்தைக் கடந்து போகும். இதைக் கடப்பு என்கிறோம். அப்போது விண்மீனின் ஒளி சற்றே மங்கும். வியாழனின் ஆரம் சூரியனின் ஆரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. பத்தில் ஒன்றின் வர்க்கம் நூறில் ஒன்று. எனவே சூரியனைப் போன்ற விண்மீனின் முன் வியாழன் அளவுப் பொருள் கடந்தால் ஒளி ஒரு விழுக்காடு குறையும்.

ஆனால் அந்த ஒரு விழுக்காடு, வியாழன் கடந்தாலும் வரும்; பழுப்புக் குறுமீன் கடந்தாலும் வரும்; குட்டி விண்மீன் கடந்தாலும் வரும். திரையில் விழுந்த நிழலின் கதைதான்.

விண்வெளித் தராசு

நிறுப்பதற்கு உதவுவது விண்மீனின் ஆட்டம். ஒரு பொருள் விண்மீனைச் சுற்றும்போது விண்மீன் அசையாமல் நிற்பதில்லை. இரண்டும் ஒரு பொது நிறை மையத்தைச் சுற்றுகின்றன. துணை கனமாக இருந்தால் விண்மீன் அதிகம் ஆடும். நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளியின் அலைநீளம் குறையும், விலகும்போது கூடும். ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போகும்போது சைரன் ஒலி மாறுவதைப் போன்ற டாப்ளர் விளைவுதான் இது. ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைமானி இந்த மாற்றத்தை அளக்கிறது.

சூரியனைப் போன்ற ஒரு விண்மீனை நான்கு நாளுக்கு ஒருமுறை சுற்றும் மூன்று பொருள்களை எடுத்துக் கொள்வோம். மூன்றும் வியாழன் அளவுதான். துணையின் நிறை ஒரு வியாழன் என்றால் விண்மீன் நொடிக்குச் சுமார் 130 மீட்டர் வேகத்தில் ஆடும். 50 வியாழன் என்றால் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல். 85 வியாழன் நிறையுள்ள குட்டி விண்மீன் என்றால் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். நிழல் ஒன்றாக இருந்தாலும் தராசு மூன்று வெவ்வேறு எண்களைக் காட்டுகிறது.

கடப்பு ஆரத்தைத் தரும். ஆட்டம் நிறையைத் தரும். இரண்டும் கிடைத்தால் அடர்த்தியைக் கணக்கிட்டுவிடலாம். தனியாக மிதக்கும் பழுப்புக் குறுமீன்களில் இது முடிவதில்லை. அவற்றின் நிறையைப் பெரும்பாலும் கோட்பாட்டைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. கடந்து செல்பவையோ அந்தக் கோட்பாட்டையே சோதிக்க உதவுகின்றன. அதனால்தான் அவற்றுக்கு இவ்வளவு மதிப்பு.

விண்மீனைக் கடந்து செல்லும் முதல் பழுப்புக் குறுமீனாகக் கருதப்படும் கோரோட்-3பி 2008-இல் அறிவிக்கப்பட்டது. பிரான்சின் தலைமையில் அனுப்பப்பட்ட கோரோட் விண்கலம் அதைக் கண்டது. ஆரம் வியாழனைப் போன்றது. நிறை வியாழனைப் போல் சுமார் 22 மடங்கு. அடர்த்தி ஈயத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். 2012-இல் அறிவிக்கப்பட்ட கெல்ட்-1பி 27 வியாழன் நிறையுள்ளது. தன் விண்மீனை 29 மணி நேரத்தில் சுற்றி வந்துவிடுகிறது. அதன் கடப்பை முதலில் காட்டியது பெரிய தொலைநோக்கி அல்ல. 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள, புகைப்படக் கலைஞர்கள் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த ஒரு லென்ஸ்.

எல்லைக்கோட்டில் நிற்கும் ஒன்று

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ராஜஸ்தானில் இருக்கிறது. அபு மலையின் குரு சிகரத்தில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வானாய்வகம் உள்ளது. அங்குள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கியோடு இணைக்கப்பட்ட நிறமாலைமானியின் பெயர் பாரஸ். விண்மீன் ஒளியை இழைவழியே கொண்டுவந்து, வெப்பநிலை மாறாமல் காக்கப்படும் வெற்றிடக் கலனுக்குள் வைத்து அது பிரிக்கிறது. உலக அளவில் பார்த்தால் 1.2 மீட்டர் சிறிய தொலைநோக்கிதான். ஆனால் தராசு துல்லியமானது.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் டெஸ் விண்கலம், 731 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒரு விண்மீனில் சிறு ஒளிச்சரிவைக் கண்டிருந்தது. அந்த விண்மீனின் ஆரம் சூரியனைப் போல் சுமார் 2.7 மடங்கு. ஆகவே சரிவின் ஆழம் வெறும் 0.15 விழுக்காடு. அபிஜித் சக்ரவர்த்தியின் வழிகாட்டலில் இயங்கும் பாரஸ் குழு அந்த விண்மீனின் ஆட்டத்தை அளந்தது. ஆகாங்ஷா கண்டேல்வால் முதல் ஆசிரியராக எழுதிய ஆய்வுக் கட்டுரை 2023-இல் வெளியானது. விண்மீன் நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஆடுகிறது. நம் வியாழன் சூரியனை ஆட்டும் வேகம் நொடிக்கு 12 மீட்டர்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிஓஐ-4603பி எனப் பெயரிடப்பட்ட அந்தப் பொருளின் ஆரம் வியாழனைப் போல் 1.04 மடங்கு. நிறை 12.89 மடங்கு. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 14.1 கிராம், பாதரசத்தைவிட அதிகம். ஏழே கால் நாளுக்கு ஒருமுறை நீள்வட்டப் பாதையில் தன் விண்மீனைச் சுற்றுகிறது.

இப்போது 12.89 என்ற எண்ணைக் கவனியுங்கள். பழுப்புக் குறுமீனின் கீழ் எல்லை 13. இந்த அளவீட்டின் பிழை வரம்போ ஏறக்குறைய 0.6. அதாவது உண்மை நிறை 12.3-ஆகவும் இருக்கலாம், 13.5-ஆகவும் இருக்கலாம். கண்டுபிடித்தவர்கள் அதைப் பெருங்கோள் என்றே அறிவித்தார்கள். ஆனால் எல்லைக்கோடு பிழை வரம்புக்குள்ளேயே ஓடுகிறது. ஆய்வகத்தில் அளவீட்டுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியிட்டு ஓர் எண்ணை எழுதச் சொல்லும்போது "எதற்கு டீச்சர் இது?" என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான். ஒரு பொருளின் பெயரே அந்தச் சிறு எண்ணில் தொங்குகிறது.

இதில் பெயரைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. கோள்கள், விண்மீனைச் சுற்றியுள்ள தூசித் தட்டில் சிறிது சிறிதாகச் சேர்ந்து வளர்கின்றன. விண்மீன்கள், மேகம் மொத்தமாகச் சரிந்து பிறக்கின்றன. 13 வியாழன் நிறையுள்ள பொருள் எந்த வழியில் பிறந்தது? நிறையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மேலும், சூரியனைப் போன்ற விண்மீன்களுக்கு அருகில் கோள்கள் நிறைய உண்டு, துணை விண்மீன்களும் உண்டு. பழுப்புக் குறுமீன்கள் மட்டும் மிக அரிது. இந்த வெற்றிடத்தைப் 'பழுப்புக் குறுமீன் பாலைவனம்' என்றே அழைக்கிறார்கள். கடந்து செல்பவையாக இதுவரை உறுதியானவை சில டஜன்தான். புதிதாக நிறுக்கப்படும் ஒவ்வொன்றும் அந்தப் பாலைவனத்தின் வரைபடத்தில் ஒரு புள்ளி.

"நம்ம வானத்துல மேகம்தானே டீச்சர்?"

நான் ஜொகூர் பாருவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வானியல் கழகத்தில் இதைப் பற்றிப் பேசியபோது படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நம்ம ஊருல பாதி நாள் மழை, மேகம். மிச்ச நாள் ஜேபி வெளிச்சமும் சிங்கப்பூர் வெளிச்சமும். இதெல்லாம் நமக்கு எப்படி?"

நியாயமான கேள்வி. ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் எங்கள் கழகத்தின் சிறு தொலைநோக்கி அலமாரியில்தான் தூங்கும். ஆனால் டெஸ் விண்கலத்துக்கு மேகம் கிடையாது. 2018-இல் ஏவப்பட்ட அது, வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஏறக்குறைய 27 நாள் இடைவிடாமல் படம் பிடிக்கிறது. அந்தத் தரவுகள் அனைவருக்கும் பொது. பதிவிறக்கக் கட்டணம் இல்லை. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட லைட்கர்வ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, ஒரு விண்மீனின் ஒளி நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பள்ளிக் கணினியிலேயே வரையலாம். நாங்கள் முதலில் ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு கடப்பை வரைந்து பார்த்தோம். திரையில் புள்ளிகள் வரிசையாக ஓடி, ஓரிடத்தில் கிண்ணம்போல் இறங்கி ஏறின. கேள்வி கேட்டவள்தான் முதலில் அதன் ஆழத்தை அளந்தாள்.

சரிவைக் கண்டதும் துள்ளிக் குதிக்கக் கூடாது. நான்கு சோதனைகள் உண்டு. ஒன்று, வடிவம். அடி தட்டையாக இருந்தால் சிறிய பொருள் கடந்திருக்கலாம். கூராக இருந்தால் இரு விண்மீன்கள் விளிம்போடு விளிம்பு உரசி மறைத்திருக்கலாம். இரண்டு, ஒன்றுவிட்டு ஒன்று வரும் சரிவுகளின் ஆழம் மாறுகிறதா? மாறினால் இரட்டை விண்மீனாக இருக்கக்கூடும். மூன்று, இரு சரிவுகளுக்கு நடுவில் இன்னொரு சிறு சரிவு தெரிகிறதா? தெரிந்தால் துணையும் நன்றாக ஒளிர்கிறது என்று பொருள். நான்கு, டெஸ் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் வானில் பெரிய பரப்பை அடக்குவது. பக்கத்து விண்மீனின் மாற்றம் இதில் கலந்துவிட்டதா? கழகத்தில் ஒருவர் ஆவலோடு காட்டிய ஒரு சரிவு இரண்டாவது சோதனையிலேயே விழுந்தது. அது ஏற்கெனவே பட்டியலில் உள்ள இரட்டை விண்மீன். அதைத் தாமே கண்டறிந்ததில் அந்த மாணவருக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

நான்கிலும் தேறினாலும் தராசு இன்னும் பாக்கி. அதற்கு அபு மலை போன்ற ஓரிடத்தில் நிறமாலைமானி வேண்டும். அங்கு இப்போது 2.5 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ்-2 என்ற புதிய கருவியும் இயங்குகிறது. ஆனாலும் ஒளி வரைபடத்திலேயே சில வேளைகளில் ஒரு துப்பு கிடைக்கும். கனமான துணை மிக அருகில் சுற்றினால், அதன் ஈர்ப்பு விண்மீனையே சற்று நீட்டிவிடும். அப்போது விண்மீனின் ஒளி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை மிக மெல்ல ஏறி இறங்கும். நிழலோடு இப்படி ஓர் அலையும் தெரிந்தால், கடந்து போனது காற்றடைத்த பந்து அல்ல என்று சந்தேகிக்கலாம்.

படித்தால் வேலை கிடைக்குமா?

பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். உள்ளதைச் சொல்வதே முறை. வானியலாளர் என்ற பதவிகள் நம் நாட்டில் குறைவு. ஆனால் இந்த வேலைக்குத் தேவையான திறன்கள் வானத்தோடு நின்றுவிடுவதில்லை. இரைச்சல் மிகுந்த தரவிலிருந்து உண்மையான மாற்றத்தைப் பிரிப்பது, கணினியில் நிரல் எழுதுவது, பிழை வரம்பைக் கணக்கிடுவது, தன் முடிவைத் தானே சந்தேகிப்பது ஆகியவை மருத்துவத் தரவுக்கும் வங்கிக்கும் தொழிற்சாலைக்கும் வேண்டியவைதான்.

படிவம் 4-இல் இருப்பவர்கள் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் கைவிடாதீர்கள். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனில் இருப்பவர்கள் பைத்தான் கற்கத் தொடங்குங்கள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிப்பவர்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு டெஸ் தரவைக் கேட்டுப் பாருங்கள். தொலைநோக்கி நேரம் கேட்டு யார் வாசலிலும் காத்திருக்கத் தேவையில்லை.

தொடங்குவதற்கு ஒரு சின்னக் கணக்கு. சூரியனின் ஆரத்தில் பாதியே உள்ள ஒரு சிவப்பு விண்மீன். அதன் முன் வியாழன் அளவுள்ள ஒரு பொருள் முழுதாகக் கடக்கிறது. ஒளி எத்தனை விழுக்காடு குறையும்? நான்கு என்று விடை வந்தால் சரி. அது கோளா, பழுப்புக் குறுமீனா, குட்டி விண்மீனா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், "நிறுத்துப் பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள்.